முதுகுக்குப் பின்னால் ஒரு டியூப்லைட்

நம் ஊர் நடுத்தரக் குடும்பத்து வீடுகளில் இரவு ஏழு மணிக்குப் படுக்கையறையை எட்டிப் பார்த்தால் அநேகமாக ஒரே காட்சிதான். கதவுக்கு மேலேயோ அதற்கு எதிர்ச்சுவரிலோ எட்டடி உயரத்தில் ஒரு நாலடி டியூப்லைட். கூரை நடுவில் மின்விசிறி. மூலையில் சுவரை ஒட்டித் தள்ளிப்போட்ட மேசை. படிக்கிற பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும், விளக்கு அதன் முதுகுக்குப் பின்னால் எரியும். அறை பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் விரித்து வைத்த புத்தகத்தின் மேல் பிள்ளையின் தலையும் தோளும் நிழலாக விழுந்திருக்கும்.

யாரும் யோசித்துச் செய்த ஏற்பாடு இல்லை இது. கூரையின் நடுப்புள்ளி மின்விசிறிக்குப் போய்விட்டது. பழைய 40 வாட் குழலை அதன் சோக், ஸ்டார்ட்டரோடு நீண்ட தகரப் பட்டியில் பூட்டிச் சுவரில் அறைவது சுலபம், அங்கிருந்து சுவிட்ச் போர்டுக்கு ஒயரை இறக்குவதும் சுலபம். அறைக்கு ஒரு லைட், ஒரு ஃபேன், ஒரு பிளக் என்று ஒயரிங் கணக்கும் அப்படியே நிலைத்தது. வீட்டுக்கு வரைபடம் போடுகிறவர் கட்டில் எங்கே, அலமாரி எங்கே என்று குறிப்பார். மேசை பிற்பாடு வந்து சேர்வது. அதற்கென்று வெளிச்சம் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

வெளிச்சம் போதவில்லை என்று தோன்றினால் நாம் செய்வது கூடுதல் வாட்டில் ஒரு விளக்கை அதே இடத்தில் மாட்டுவது. இதனால் நிழல் போகாது, நிழலைச் சுற்றியுள்ள இடம்தான் இன்னும் பளிச்சென்று ஆகும். படிக்கும் இடத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதைவிட அது எங்கிருந்து வருகிறது, எதன் மேல் விழுகிறது, விழுந்த பிறகு எங்கே போகிறது என்பதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். ஆனாலும் அளவில் தொடங்கினால்தான் மற்றவை விளங்கும்.

ஒரு விளக்கு மொத்தமாகக் கொட்டுகிற ஒளியை லூமன் என்ற அலகால் அளக்கிறார்கள். இப்போது விற்கும் பல்பு அட்டைப்பெட்டிகளில் வாட்டுக்குப் பக்கத்தில் இதுவும் அச்சிடப்பட்டிருக்கும். பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 700 லூமன் தந்தது, இன்றைய 9 வாட் எல்.இ.டி. பல்பு 900 வரை தருகிறது, 20 வாட் எல்.இ.டி. டியூப் சுமார் 2,000. ஆனால் படிக்கிறவருக்கு வேண்டிய கணக்கு லூமன் இல்லை. அந்த ஒளி பரவிப் போய்ப் புத்தகத்தின் மேல் எவ்வளவு அடர்த்தியாக விழுகிறது என்பதே அவருக்கு வேண்டியது. ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். ஒரு கரண்டி மாவைச் சின்னதாக ஊற்றினால் ஊத்தப்பம், இழுத்துப் பரப்பினால் மெல்லிய தோசை. மாவு அதேதான்.

லக்ஸ் எண்களைச் சும்மா சொன்னால் மனதில் நிற்காது. முழு நிலவில் மொட்டை மாடியில் கிடைப்பது கால் லக்ஸ் அளவு. ஒரு மெழுகுவத்தியை ஓர் அடி தள்ளி வைத்துப் படித்தால் புத்தகத்தில் ஏறத்தாழ 10 லக்ஸ். பகலில் வேப்பமர நிழலில் சில ஆயிரம் லக்ஸ், சுள்ளென்ற நண்பகல் வெயிலில் ஒரு லட்சம். இத்தனை பெரிய வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. கண்மணி சுருங்கி விரிகிறது, விழித்திரை தன் உணர்திறனை மாற்றிக்கொள்கிறது. ஒளி பத்து மடங்கு கூடினாலும் கண்ணுக்கு அது பத்து மடங்காகத் தெரிவதில்லை. அதனால்தான் 'ரூம் நல்லா வெளிச்சமாத்தானே இருக்கு' என்ற தீர்ப்பை நம்ப முடியாது. கண் ஒப்பிட்டுப் பார்ப்பதில் கெட்டி, அளப்பதில் மோசம்.

பத்துக்குப் பத்து அறையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பரப்பு 9.3 சதுர மீட்டர். 2,000 லூமன் டியூப்பிலிருந்து கிளம்பும் ஒளியில் சுவரும் கூரையும் தின்றது போக மேசை மட்டத்துக்குப் பாதி வந்து சேர்ந்தால் நல்ல அறை. அப்படியானால் சராசரி 100 லக்ஸைச் சற்றே தாண்டும். தூசி படிந்து வயதான டியூப் என்றால் 80. தலை நிழல் விழுந்த இடத்தில் அதிலும் பாதிக்குக் கீழே. படிக்கவும் எழுதவும் பரிந்துரைக்கப்படுவதோ 300 முதல் 500 லக்ஸ் வரை. கட்டடங்களின் உள்வெளிச்சத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3646 அலுவலக வேலைக்குச் சொல்வதும் அந்த அளவை ஒட்டித்தான், ஐரோப்பியத் தரநிலை 500 என்கிறது. நடக்க, படுக்க, துணி மடிக்க 100 லக்ஸ் தாராளம். நம் அறை விளக்கு அந்த வேலைகளுக்கானது. அதையே படிப்புக்கும் இழுக்கிறோம்.

இங்கே தாத்தாக்கள் குறுக்கிடுவார்கள். அரிக்கேன் விளக்கில் படிக்கவில்லையா, சிமினி விளக்கில் படிக்கவில்லையா? சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி தி. முத்துசாமி ஐயர் தெருவிளக்கில் படித்தவர் என்று சொல்லிச் சொல்லியே பல தலைமுறைகளை விரட்டியிருக்கிறார்கள். படிக்கலாம்தான். மங்கலான வெளிச்சத்தில் படித்தால் கண் கெட்டுப்போகும் என்பது மிகைப்படுத்திய பயம், அப்படி நிரந்தரச் சேதம் வருவதற்கு ஆதாரமில்லை. ஆனால் எழுத்துக்கும் தாளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிரித்தறியக் கண் கூடுதலாக உழைக்கிறது. பிள்ளை தன்னை அறியாமல் குனிகிறது, புத்தகத்துக்கும் முகத்துக்கும் இடையே ஒரு சாண்தான் மிஞ்சுகிறது, இமைப்பதும் குறைகிறது. முக்கால் மணியில் நெற்றி வலி, கழுத்து வலி. 'படிக்க உட்கார்ந்தாலே தூக்கம் வருது' என்ற புகாரில் ஒரு பங்கு இந்த அசதிக்குச் சேர வேண்டியது. தாத்தாவுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. கண்வில்லை மஞ்சளேறியும் கண்மணி சுருங்கியும் போவதால், அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு இருபது வயதுக்காரருக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் போய்ச் சேருகிறது. பேரனுக்குப் போதும் என்று தோன்றுகிற விளக்கு அவருக்குப் போதாது.

அப்படியானால் அறை முழுக்க 400 லக்ஸ் கொண்டுவந்துவிடலாமா? நாலு டியூப் மாட்டினால் வரும். கண் கூசும், மின்கட்டணம் ஏறும், தலை நிழலும் முழுதாகப் போகாது. ஒளியைக் கூட்டுவதைவிடக் கிட்டத்தில் கொண்டுவருவது புத்திசாலித்தனம். சிறிய விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிறது, தூரம் பாதியானால் நாலு மடங்காகிறது. மேசை விளக்கின் சூட்சுமம் முழுவதும் இந்த ஒரு விதியில் அடங்குகிறது.

வெறும் 5 வாட் எல்.இ.டி., 450 லூமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்நோக்கி ஒளி வீசும் கூடு ஒன்றுக்குள் பொருத்தி, மேசையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்தினால், நேர் கீழே ஏறத்தாழ 700 லக்ஸ். அங்கிருந்து 30 சென்டிமீட்டர் விலகினால் 340. 60 சென்டிமீட்டர் விலகினால் 100-க்கும் கீழே. இந்த மூன்று எண்களும் கடையில் நிற்கும்போது நினைவில் இருக்க வேண்டும். விளக்கை மேசையின் ஓரத்தில் அலங்காரமாக வைத்துவிட்டுப் புத்தகத்தை மறு ஓரத்தில் விரித்தால் காசு போனதுதான் மிச்சம். கழுத்து வளையாத, அரையடி உயர விளக்குகளும் அப்படித்தான். நேர் கீழே கண்ணைப் பறிக்கும், ஒரு சாண் தள்ளி இருட்டு. விளக்குத் தலை ஒன்றரை அடி உயரத்துக்குப் போக வேண்டும், புத்தகத்துக்கு அருகே நகர்த்த வேண்டும், சாய்க்க வேண்டும். மேசை விளிம்பில் கிளிப் மாட்டி, மூட்டுக்கு மூட்டு மடங்கும் கை கொண்ட விளக்கு பார்ப்பதற்கு வரைவாளர் அறையிலிருந்து வந்தது போலிருக்கும். ஆனால் அதைவிட நல்ல வடிவம் இன்னும் வரவில்லை.

எந்தப் பக்கம் வைப்பது? வலக்கையால் எழுதுகிறவருக்கு இடப்பக்கம், சற்று முன்னால். அப்போதுதான் கையின் நிழல் எழுதி முடித்த பக்கம் விழாமல் வலப்புறம் ஒதுங்கும். இடக்கைக்காரருக்கு மாறாக. ஒரே வீட்டில் இருவகைப் பிள்ளைகளும் ஒரே மேசையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்றால் கிளிப் விளக்குதான் சமாதானம். நிழலின் விளிம்பும் கவனிக்க வேண்டியது. ஒளி ஒரு புள்ளியிலிருந்து வந்தால் பேனா நுனியின் நிழல் கத்தியால் வெட்டியது போல் விழுந்து கூடவே நகரும். ஓர் அடி நீளத்துக்கு ஒளி தரும் பட்டை விளக்கு என்றால் நிழல் கரைந்து போகும். ஓவியம், வரைபடம், கணக்கு என்று கை ஓயாமல் ஓடும் வேலைக்குப் பட்டை விளக்கே மேல்.

இனிக் கூச்சம். வெளிச்சம் கூடியதால் வரும் கூச்சம் வேறு, வெளிச்சம் தவறான இடத்திலிருந்து கண்ணுக்குள் வருவதால் உண்டாகும் கூச்சம் வேறு. இரண்டாவதுதான் வீட்டில் அதிகம். உட்கார்ந்து நேரே பார்க்கும்போது எல்.இ.டி. பொட்டுகள் கண்ணில் படுகின்றனவா? படுமானால் கூடு ஆழம் போதாது, அல்லது விளக்கு உயரத்தில் இருக்கிறது. எரியும் பொட்டு யார் கண்ணுக்கும் தெரியாமல், அதன் ஒளி மட்டும் தாளில் தெரிய வேண்டும். பிள்ளைக்குச் சரியாக இருந்து பக்கத்தில் படுத்திருக்கும் தம்பியின் கண்ணில் அடித்தாலும் அது பாதி வேலைதான்.

இன்னொரு கூச்சம் தாளிலிருந்து வருகிறது. மேசைமேல் கண்ணாடி போட்டு, அதற்கடியில் கால அட்டவணை, சாமி படம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று செருகி வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அந்தக் கண்ணாடி கூரையிலும் சுவரிலும் உள்ள ஒவ்வொரு விளக்கையும் அப்படியே கண்ணுக்குத் திருப்பி அனுப்பும். பளபளக்கும் சன்மைக்காவும் ஆர்ட் பேப்பரில் அச்சான பாடநூலும் இதையே கொஞ்சம் மங்கலாகச் செய்கின்றன. விளக்கு நேர் முன்னால் இருந்தால், படும் கோணமும் மீளும் கோணமும் சமம் என்ற பள்ளிப் பாடத்தின்படி ஒளி தாளில் பட்டு நேரே முகத்துக்கு வரும். எழுத்தின் மேல் ஒரு வெள்ளைப் படலம் மிதப்பது போலிருக்கும், கறுப்பு மை சாம்பலாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று போதும். புத்தகம் இருக்கும் இடத்தில் அதைப் படுக்க வைத்து, படிக்கிறபடி உட்கார்ந்து குனிந்து பாருங்கள். கண்ணாடியில் விளக்கு தெரிந்தால் விளக்கைப் பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள், தெரியாத வரை. மேசைக் கண்ணாடியை எடுத்துவிட்டு மங்கல் பரப்புள்ள விரிப்பு ஒன்றைப் போடுவது இன்னும் எளிது. சாமி படத்தைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

கணினித் திரைக்கும் இதே விதி, ஆனால் கோணம் நிமிர்ந்துவிடுகிறது. திரைக்கு எதிரே ஜன்னல் இருந்தால் திரையில் ஜன்னல் தெரியும். திரைக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் வானத்தின் வெளிச்சத்துக்கும் திரையின் வெளிச்சத்துக்கும் நடுவே கண் திண்டாடும். ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்பிப் போடுவது ஒன்றே வழி.

மேசை விளக்கு வாங்கியதும் பல வீடுகளில் பெரிய விளக்கை அணைத்துவிடுகிறார்கள். சிக்கனம், கவனம் சிதறாது என்று காரணம் சொல்கிறார்கள். எனக்கு இது உடன்பாடில்லை. புத்தகம் 500 லக்ஸில் ஒளிர, சுற்றிலும் கும்மிருட்டு என்றால் பிள்ளை நிமிர்ந்து பார்க்கும் ஒவ்வொரு தடவையும் கண் தன்னை மாற்றியமைக்க வேண்டியிருக்கிறது. வெளிச்ச வல்லுநர்கள் ஒரு தோராயமான விகிதம் வைத்திருக்கிறார்கள். பார்க்கும் தாள் தன்னை ஒட்டிய பரப்பைப் போல் மூன்று மடங்குக்குள் ஒளிர்ந்தால் நல்லது, தூரத்துச் சுவரைப் போல் பத்து மடங்குக்குள். இங்கே ஒளிர்வது என்பது விழுந்த ஒளி பட்டுத் திரும்பிக் கண்ணுக்கு வரும் அளவு. அதனால் மேசையின் நிறமும் கணக்கில் வருகிறது. கருந்தேக்கு நிற மேசையில் வெள்ளைத் தாள் விரித்தால் விகிதம் பத்தைத் தாண்டிவிடும். வெளிர் மரநிற மேசை, அல்லது தாளுக்கடியில் வெளிர் நிற அட்டை ஒன்று, இந்தச் சிக்கலைச் செலவில்லாமல் தீர்க்கும்.

சுவரின் நிறம் இன்னும் பெரிய விஷயம். புதிதாக வெள்ளையடித்த சுவர், தன் மேல் விழும் ஒளியில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பித் தரும். அடர் நீலமோ செங்கல் நிறமோ பூசிய சுவர் ஐந்தில் ஒரு பங்கைத் திருப்பினாலே அதிகம். சுண்ணாம்பில் துளி நீலம் கலந்து ஆண்டுதோறும் பொங்கலுக்கு அடித்தவர்களிடம் லக்ஸ் மீட்டர் இருந்ததில்லை. ஆனால் சின்ன விளக்கைப் பெரிதாக்கும் வழி அது. இப்போது 'ஹைலைட் வால்' என்று ஒரு சுவரைக் கரும்பச்சையில் அடிப்பது மோஸ்தராக இருக்கிறது. அடிக்கட்டும், மேசைக்கு எதிரே உள்ள சுவரை விட்டுவிட்டு. கூரையை எப்போதும் வெள்ளையாகவே வைக்க வேண்டும். டியூப்பை மேல்நோக்கித் திருப்பிக் கூரையில் பட்டுத் திரும்பும்படி மாட்டினால் அளவில் கொஞ்சம் குறையும், ஆனால் நிழலும் கூச்சமும் காணாமல் போகும். அறைக்குப் பொது வெளிச்சம் தர இதைவிட இதமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

மேலே மாட்டும்போது மின்விசிறியை மறந்துவிடக் கூடாது. மேலைநாட்டு விளக்கு வடிவமைப்புப் புத்தகங்களில் இந்த அத்தியாயமே கிடையாது. ஃபால்ஸ் சீலிங்கில் வட்ட விளக்குகளைப் பதித்து நடுவில் விசிறியைத் தொங்கவிடும் வீடுகள் பெருகிவிட்டன. இறக்கையின் வீச்சுக்கு மேலே விளக்கு வந்துவிட்டால், நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும் மூன்று இறக்கை விசிறி நொடிக்கு 15 முறை அந்த ஒளியை வெட்டும். இந்த வேகத்தைக் கண் நன்றாகவே உணரும். அந்தத் துடிப்பில் பத்து நிமிடம் படித்தாலே எரிச்சல் வரும். இறக்கைக்கு வெளியே இரண்டடியாவது தள்ளி விளக்கைப் பதிக்கச் சொல்லுங்கள். பதித்த பிறகு மாற்றுவது பெரும்பாடு.

விசிறி இல்லாமலேயே துடிக்கும் விளக்குகளும் உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 அலையாகத் திசை மாறி மாறி ஓடுகிறது. ஒவ்வொரு அலையிலும் இரண்டு உச்சம், ஆக நொடிக்கு 100 துடிப்பு. பழைய சோக் வைத்த டியூப்லைட்டுகள் இப்படித் துடித்தவைதான். பிறகு வந்த எலக்ட்ரானிக் சோக் துடிப்பை ஆயிரக்கணக்கில் ஏற்றிக் கண்ணுக்கு எட்டாமல் செய்தது. எல்.இ.டி. வந்ததும் மலிவு விளக்குகளில் பழைய நோய் திரும்பியது. உள்ளே இருக்கும் டிரைவர் என்ற சிறு சுற்றில், அலையைச் சமன்செய்யும் கெப்பாசிட்டரைச் சிக்கனம் செய்வதால் வருவது இது. நொடிக்கு 100 துடிப்பு வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சிலருக்குத் தலைவலியாக வெளிப்படும். கடையிலேயே சோதிக்கலாம். விளக்கடியில் ஒரு பேனாவை விரைவாக ஆட்டிப் பாருங்கள். ஒரே மங்கலான பட்டையாகத் தெரிந்தால் நல்லது, விசிறி மட்டை போல் தனித்தனிப் பேனாக்களாகத் தெரிந்தால் அந்த விளக்கு வேண்டாம். கைபேசிக் கேமராவில் கறுப்புக் கோடுகள் ஓடுவதும் அதே சேதிதான். வாட்டை மட்டும் கேட்டு விற்கும் கடைக்காரர் முன்னால் பேனாவை ஆட்டினால் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

வெளிச்சத்தின் நிறத்தைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு கட்சிகள். மஞ்சள் லைட் 'டல்' என்பது ஒன்று, வெள்ளை லைட் ஆஸ்பத்திரி மாதிரி என்பது மற்றொன்று. கெல்வின் என்ற அலகில் 2,700, 3,000 என்றால் குண்டு பல்பின் மஞ்சள், 4,000 நடுத்தர வெள்ளை, 6,500 நீலம் தட்டிய பகல் வெள்ளை. தமிழ்நாட்டுக் கடைகளில் கேட்காமலே எடுத்துத் தருவது 6,500. டியூப்லைட்டில் பழகிய கண்ணுக்கு அதுவே வெளிச்சம் என்று ஆகிவிட்டது. 2015 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டம் 36 கோடிக்கு மேல் எல்.இ.டி. பல்புகளை வீடுகளில் சேர்த்தது, அரசு கொள்முதல் விலையும் 310 ரூபாயிலிருந்து 38 ரூபாய்க்கு இறங்கியது. வீட்டுக்கு வீடு குண்டு பல்பின் மஞ்சள் மறைந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த வெள்ளை எப்படி வருகிறது என்று தெரிந்தால் தேர்வு சுலபம். எல்.இ.டி.யில் எரிவது நீல ஒளி. அந்த நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. நீலத்தின் மேல் மஞ்சள் ஒளிரும் பாஸ்பர் பூச்சு ஒன்றைப் பூச, இரண்டும் சேர்ந்து வெள்ளையாகத் தெரிகின்றன. பூச்சு மெல்லியதாக இருந்தால் நீலம் தூக்கலான 6,500. பூச்சைத் தடித்ததாக்கிச் சிவப்பும் சேர்த்தால் 3,000. மலிவான பூச்சில் சிவப்பு குறைவு. அதனால் முகம் வெளிறும், ஆசிரியரின் சிவப்பு மை மங்கும், வண்ணப் படங்கள் உயிரிழக்கும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்றொரு எண், முழு மதிப்பு 100. பெட்டியில் 80 என்று இருந்தால் சமாளிக்கலாம், 90 என்றால் நல்லது, எண்ணே இல்லை என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

மேசைக்கு என் தேர்வு 4,000. குறைந்த வெளிச்சத்தில் மஞ்சளும் மிகுந்த வெளிச்சத்தில் நீல வெள்ளையும் மனதுக்கு இதம் என்று 1941-இல் நெதர்லாந்து இயற்பியலாளர் குரோய்தோஃப் ஒரு வரைகோடு போட்டுக் கொடுத்தார். பின்னால் வந்த சோதனைகள் அதை அவ்வளவாக உறுதி செய்யவில்லை. இருந்தாலும் மங்கலான 6,500 அறையில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அவர் சொல்ல வந்தது புரியும். மழைக்கால அந்தியில் ஈசல் கூட்டம் எதைத் தேடி வருகிறது என்பதும் ஒரு வாதம்தான். நீலம் குறைந்த விளக்குக்குப் பூச்சிகள் குறைவாகவே வரும்.

பகல் வெளிச்சத்துக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். துடிப்பு இல்லை, நிறம் சுத்தம், செலவில்லை. ஆனால் 'வடக்கு ஜன்னல் ஒளியே சிறந்தது' என்று ஐரோப்பிய ஓவியர்கள் சொன்னதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நண்பகலில் உச்சந்தலைக்கு வந்து, பிறகு வடக்கே சாய்ந்து, ஆகஸ்டு நடுப்பகுதிக்குப் பின்தான் தெற்கே திரும்புகிறது. இடைப்பட்ட மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் காலையும் மாலையும் சாய்வான வெயில் எட்டிப் பார்க்கும். மற்ற மாதங்களில் வடக்கு நல்ல ஜன்னல்தான், தெற்கும் மோசமில்லை. டிசம்பர் நண்பகலில்கூடச் சூரியன் தொடுவானத்துக்கு மேல் 53 பாகை உயரத்தில் நிற்பதால், இரண்டடி நீட்டிய சன்ஷேடு ஜன்னலின் மேல் முக்கால் மீட்டரை நிழலில் வைத்துவிடும். தொந்தரவு மேற்குதான். மாலை நாலரைக்கு மேல் தாழ்ந்து வரும் வெயிலை எந்த சன்ஷேடும் தடுக்காது. பள்ளி விட்டு வந்து பிள்ளை மேசையில் உட்கார்வதோ அந்நேரம். வெளிர் நிறப் பருத்தித் திரையோ, வெளியே தொங்கும் மூங்கில் தட்டியோ வேண்டும். வெளியே என்றால் வெப்பமும் கண்ணாடிக்கு வெளியிலேயே நின்றுவிடும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜன்னல் இருப்பதாலேயே பகல் வெளிச்சம் இருப்பதாகாது. பத்தடிக்கு அப்பால் அடுத்த கட்டடத்தின் சுவர். நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், ஜன்னல் வழியே வானத்தின் ஒரு துண்டு தெரிகிறதா? தெரிந்தால் அந்த மேசையில் பகலில் விளக்கில்லாமல் படிக்கலாம். தெரியாவிட்டால் மேசையை ஜன்னலுக்கு நெருக்கி நகர்த்த வேண்டும், அல்லது பகலிலும் விளக்கு போட வேண்டும்.

ஜன்னலோர மேசையும்கூட வெளியே போவதற்கு ஈடாகாது. சீனாவின் குவாங்சோ நகரில் பன்னிரண்டு பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்றாண்டு கழித்துக் கிட்டப்பார்வை புதிதாக வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 விழுக்காடு, மற்றவற்றில் 39.5. 2015-இல் வெளியான முடிவு இது. மரநிழலில் கிடைக்கும் ஆயிரக்கணக்கான லக்ஸ் இதற்கு முக்கியக் காரணம் என்று கருதுகிறார்கள். மேசை விளக்கில் அந்த அளவை எட்டவே முடியாது. கண் கெடக் கூடாது என்று விலை உயர்ந்த 'ஐ-கேர்' விளக்கை வாங்கிக் கொடுத்துவிட்டு, விளையாடப் போகிற பிள்ளையைப் பிடித்து ட்யூஷனில் உட்கார வைப்பது நம் விசித்திரங்களில் ஒன்று.

இரவுக்கு வேறொரு கணக்கு. விழித்திரையில் பார்ப்பதற்கான செல்கள் தவிர, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட செல்கள் சில இருக்கின்றன. 2002 வாக்கில்தான் இவற்றின் வேலை தெளிவானது. பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதே இவற்றின் பெரிய பொறுப்பு. 480 நானோமீட்டரைச் சுற்றியுள்ள நீல ஒளிக்கு இவை அதிகம் அசைந்து கொடுக்கும். ராத்திரி பத்து மணிக்கு 6,500 கெல்வின் டியூப்புக்கு நேர் எதிரே முகம் வைத்து உட்கார்ந்தால், தூக்கத்துக்கு வழிவிடும் மெலட்டோனின் சுரப்பது தள்ளிப்போகும். பிள்ளை பதினொன்றரைக்குப் படுத்துப் பன்னிரண்டரை வரை புரளும். எனவே ஒன்பது மணிக்கு மேல் அறையின் பெரிய விளக்கை அணைத்து, மூலையில் ஒரு 3,000 கெல்வின் பல்பைப் போட்டு, மேசை விளக்கைத் தாளுக்கு மட்டும் இறக்கிக்கொள்வது நல்லது. அறையும் இருட்டாகாது, கண்ணுக்கும் நேரடி நீலம் போகாது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து படிக்கிறவர்களுக்கு நேர்மாறாக, எழுந்ததும் இருக்கிற விளக்கு எல்லாவற்றையும் போட்டுவிட வேண்டும். உடலுக்குப் பகல் வந்துவிட்டது என்று சொல்ல அப்போது அந்த நீலம்தான் வேண்டும். காப்பி அதற்குப் பிறகு.

வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் இதையெல்லாம் பூச்சு வேலைக்கு முன்னால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட வேண்டும். மேசை வரப்போகும் சுவரில் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது மேசைக்கு அரையடி மேலே, இரண்டு 5 ஆம்ப் பிளக். கதவுப் பக்கத்து சுவிட்ச் போர்டோடு நிறுத்தாமல் மேசைக்கு எட்டும் தூரத்தில் பெரிய விளக்குக்கு இன்னொரு சுவிட்ச். இருவழி சுவிட்ச் என்றால் அவருக்குப் புரியும். இதையெல்லாம் சுவரில் மட்டக்கோல் வைத்துப் பென்சிலால் குறித்துவிடுவது நல்லது, வாயால் சொன்னால் அடுத்த நாள் வருகிற ஆளுக்குத் தெரியாது. வாடகை வீட்டுக்காரர்களுக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கிளிப் விளக்கும் போதும். ஒயரைக் கதவிடுக்கில் நசுக்காமல் சுவரோரமாகக் கொண்டுபோக வேண்டும், மாதம் ஒரு தடவை விளக்கை அணைத்து ஆறவிட்டு, கூட்டின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.